கட்டடம் வந்தது, வைத்தியம் வந்ததா?

(குடாநாட்டு ஊரொன்றின் வைத்தியசாலை நலன்புரிச் சங்க ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றிய உரை)



இக்கூட்டத்திற் பேசுமாறு எம்மை அழைத்த செயலாளர், அழைப்போடு ஒரு கடிதத்தையும் எம் கையில் தந்தார். கடல் கடந்து கனடாவிலும் இலண்டனிலும் வாழும் இவ்வூர் மக்கள் எழுதிய கடிதம் அது. இங்குள்ள வைத்தியசாலைக்கு இரண்டு மாடியிற் புதிய நோயாளர் விடுதியொன்றைக் கட்டித்தர அவர்கள் முன்வந்திருக்கின்றார்கள். பணம் திரட்டியாயிற்று, வரைபடமும் ஆயத்தம். அடிக்கல் நாட்டும் நாளைக் குறித்து அறிவிக்குமாறு கேட்டிருக்கின்றார்கள்.

வாசித்து நெஞ்சம் நெகிழ்ந்தோம். பனியிலும் குளிரிலும் உழைத்துச் சேர்த்த பணத்தைப் பிறந்த மண்ணின் நோயாளிக்குக் கொடுக்க எண்ணும் உள்ளத்தைப் போற்றாதார் யார்? ஆயினும், நாளைக் குறிக்குமுன் சில கேள்விகளைக் கேட்கவேண்டியவர்களாக இருக்கின்றோம். கேட்பது நன்றிகெட்ட செயல் என்று சிலர் சொல்லக்கூடும். சொல்லட்டும்.

அந்த விடுதியில் இரவுக் கடமைக்கு எத்தனை தாதிமார் இருப்பார்கள்? அவர்களுடைய சம்பளம் எந்தக் கணக்கிலிருந்து வரும்? மின்சாரக் கட்டணத்தைச் செலுத்துவது யார்? மின்பிறப்பாக்கி நின்றுபோனால், கூரை ஒழுகினால், எந்தத் தலைப்பில் பணம் ஒதுக்கப்படும்? நான்கு பக்கக் கடிதத்தில் இவற்றைப் பற்றி ஒரு வரியேனும் இல்லை. குறை அவர்களுடையதன்று. அரசாங்கத்தின் பெருந்திட்டங்களிலேயே இக்கேள்விகள் கடைசிப் பக்கத்திற்குத் தள்ளப்படுவதைக் காண்கின்றோம்.

கோயில் கட்டியோர் கண்ட வழி

நம் முன்னோர் கோயில்களைக் கட்டினார்கள். சுவரை எழுப்பிக் கோபுரத்தை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்களா? இல்லை. விளக்குக்கு எண்ணெய் வேண்டும், நைவேத்தியத்துக்கு நெல் வேண்டும், பூசகருக்கும் மேளகாரருக்கும் சீவனம் வேண்டும் என்று கணக்கிட்டு, வயலையும் தென்னங்காணியையும் தருமசாதனம் எழுதிவைத்தார்கள். அதனோடும் அமையவில்லை. பன்னிரண்டு ஆண்டுக்கொருமுறை திருப்பணி செய்து கும்பாபிஷேகம் நடத்தவேண்டும் என்று விதித்தார்கள். கணக்காளர்கள் இக்காலத்தில் 'பெறுமானத் தேய்வு' என்று பெயரிட்டு ஏட்டில் எழுதுவதை, நம்மவர் வழிபாட்டின் ஒழுங்காகவே ஆக்கிவைத்திருந்தார்கள். ஒரு ஸ்கானர் இயந்திரத்தின் ஆயுளும் ஏறத்தாழப் பத்தாண்டுதான். அதற்குத் திருப்பணி நிதி எங்கே? தருமசாதனம் எங்கே?

சர்வதேச நாணய நிதியத்தைச் சேர்ந்த பீற்றர் ஹெல்லர் என்னும் பொருளியலாளர் 1979இல் ஒரு கணக்கை எடுத்துக் காட்டினார். வளர்முக நாடொன்றில் மாவட்ட வைத்தியசாலை ஒன்றுக்கு 100 ரூபாய் மூலதனமாக இட்டால், அதனை நடத்த ஆண்டுதோறும் 11 முதல் 30 ரூபாய் வரை வேண்டும் என்பது அவருடைய மதிப்பீடு. கிராமச் சுகாதார நிலையங்களுக்கு அதனினும் கூடுதலாக வேண்டுமாம். நம் கடிதத்துக்கு இதனைப் பொருத்திப் பாருங்கள். பத்துக் கோடி ரூபாயில் ஒரு விடுதி எழுமாயின், ஆண்டுக்கு ஒரு கோடியே பத்து இலட்சம் முதல் மூன்று கோடி வரை அது கேட்கும். பத்தாண்டில் கட்டிய செலவை மிஞ்சிவிடும். யானையை வாங்கித் தருவோர் பலர். நாள்தோறும் தீனி போடுவது யார் என்பதே வழக்கு.

இந்தக் குடாநாட்டின் வைத்திய வரலாற்றைப் புரட்டினாலும் இதே பாடந்தான். அரசாங்க அதிபர் பேர்சிவல் டைக்கின் முயற்சியால் 1850இல் 'பிரண்ட்-இன்-நீட்' சங்கத்தின் ஆஸ்பத்திரி யாழ்ப்பாணத்தில் எழுந்தது. 57 ஆண்டுகள் சங்கத்தின் பெயரில் நடந்த அதனை 1907இல் அரசாங்கம் பொறுப்பேற்றது. அதுவே நாம் 'பெரியாஸ்பத்திரி' என்றழைக்கும் இன்றைய போதனா வைத்தியசாலை. அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீனோ வேறொரு வகையில் முதலிட்டார். 1847இல் வந்து மறு ஆண்டு மானிப்பாயில் அமர்ந்த அவர், நம் இளைஞர்களுக்கு வைத்தியம் கற்பித்தார், பின்னர் அதனைத் தமிழிலேயே கற்பித்தார், நூல்களைத் தமிழாக்கினார். அவரிடம் பயின்று வெளியேறியோர் 60 பேருக்கு மேல். அவர் விட்டுச்சென்ற மூலதனத்திற் பெரும்பகுதி கல்லும் சுண்ணாம்புமன்று, ஆட்கள்.

மூன்று கதவுகள்

நிற்க. கட்டடம் ஒருபுறமும் ஆட்கள் ஒருபுறமுமாகப் பிரிந்து நிற்பதன் காரணம் யாது? அதிகாரம் அவ்வாறு பிரிக்கப்பட்டிருக்கின்றது. இதனை நீங்கள் நன்றாக விளங்கிக்கொள்ளவேண்டும் என்று விரும்புகின்றோம்.

1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாந் திருத்தத்தின்படி வைத்தியசாலைகள் மாகாணத்துக்கு வந்தன. ஆனால் போதனா வைத்தியசாலைகள் மத்திய அமைச்சிடமே நின்றன. ஆகவே யாழ்ப்பாணப் பட்டினத்தின் பெரியாஸ்பத்திரிக்கு ஒரு பணப்பை. பருத்தித்துறை, தெல்லிப்பழை, சாவகச்சேரி, ஊர்காவற்றுறை ஆகியவற்றுக்கு வேறொரு பணப்பை. குடாநாட்டு நோயாளர் எல்லாரையும் ஒருங்கே எண்ணி, எங்கே எத்தனை கட்டில், எங்கே எந்தக் கருவி என்று திட்டமிடும் ஒரு கை இல்லை.

மாகாணத்தின் பணப்பைக்குள்ளேயும் பிரிவினை உண்டு. நிதி ஆணைக்குழுவின் சிபாரிசின்மேல் மீண்டெழும் செலவுக்கு ஒரு கொடையும், மூலதனச் செலவுக்கு வேறு கொடையும் கொழும்பிலிருந்து வருகின்றன. வெளிநாட்டுக் கடனும் உதவியும் மத்திய அரசின் கைவழியாகவே வரவேண்டும். ஒரு விடுதி கட்டியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். முதலாங் கதவு திறந்துவிட்டது. அதில் வேலை செய்யும் ஆளணிக்கு அனுமதி தரவேண்டியது திறைசேரியின் முகாமைத்துவச் சேவைகள் திணைக்களம். அது இரண்டாங் கதவு. வைத்தியர்களை நியமிப்பதும் இடமாற்றுவதும் மத்திய சுகாதார அமைச்சு. அது மூன்றாங் கதவு. கட்டியவர் ஒருவர், பதவியை உண்டாக்குபவர் ஒருவர், ஆளை அனுப்புபவர் ஒருவர். மூவரும் ஒரே நாளில் ஒரே தாளிற் கையொப்பமிடவேண்டும் என்ற விதி எங்கேனும் உண்டா?

போதாததற்கு நாட்காட்டியும் நமக்கு எதிரி. நிதியாண்டு மார்கழி 31இல் முடிகின்றது. அதற்குள் செலவழியாத ஒதுக்கீடு செத்துப்போகும். பணமோ பல ஆண்டுகளிற் பிற்பகுதியிலேயே கைக்கு வருகின்றது. ஐப்பசியிற் பணம், கார்த்திகையில் அத்திவாரம்! வடகீழ்ப் பருவமழை கொட்டும் காலத்தில் அத்திவாரக் குழியில் நீரிறைத்துக்கொண்டு சீமெந்து கொட்டும் காட்சியைக் காணாதார் இவ்வவையில் உளரோ?

இன்னொன்றும் சொல்லவேண்டும். நம் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றில்லை. சுண்ணாம்புக் கல்லுக்குள் தங்கும் மழைநீரே நம் கிணறுகளுக்கு உயிர். புதிய விடுதி எழுந்தால் அதன் கழிவுநீர் அந்தக் கல்லினூடாக அயற் கிணற்றுக்குப் போகாமற் காக்கும் சுத்திகரிப்புத் தொட்டியும் மூலதனந்தான். ஆனால், கழிவுத் தொட்டிக்குத் தம் பெயர் பொறித்த பளிங்குக் கல்லைப் பதிக்க விரும்பும் கொடையாளியை நாம் இன்னும் சந்திக்கவில்லை!

2024 ஜூலையிற் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையின் முன் தென்மராட்சி மக்கள் பெருந்திரளாகக் கூடியதை அறிவீர்கள். ஆட்களைப் பற்றிய வழக்குகளுக்குள் நாம் புகவில்லை. கட்டடமும் கருவியும் இருந்தும் சேவை முழுமையாக நடைபெறவில்லை என்பது அன்று எழுந்த முறைப்பாடுகளுள் ஒன்று என்பதை மட்டும் நினைவூட்டுகின்றோம். அதற்கு இரண்டு மாதம் முன்னர்த்தான், ஆனையிறவுக்கு அப்பால் கிளிநொச்சியில் நெதர்லாந்தின் உதவியோடு கட்டிய மகளிர் சிகிச்சை நிலையத்தை ஜனாதிபதி திறந்துவைத்தார். நாடா வெட்டுவது ஒரு நாள் வேலை. அதன்பின் வரும் ஆண்டுகளுக்கு ஆளும் மருந்தும் உதிரிப்பாகமும் தேடுவது ஓயாத வேலை.

இவற்றையெல்லாம் கேட்கவேண்டிய இடம் மாகாண சபை. 2013இல் மக்கள் முதன்முறையாகத் தெரிந்த வடமாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றியே கழிந்தன. மாகாணத்தின் நிருவாகம் ஆளுநரின்கீழ் நடந்தது. பாதீட்டை எழுப்பிக் கேட்க மக்களின் பிரதிநிதி ஒருவரும் அச்சபையில் இல்லாத காலத்தில், கேள்வி கேட்கும் கடமை இத்தகைய சங்கங்களின் தலையில் விழுந்திருக்கின்றது.

கடனுக்கு வாங்கலாமே என்பார்க்கு

தனியார் கட்டட்டும், நாம் தவணை முறையிற் செலுத்துவோம் என்று சில அறிஞர் யோசனை கூறுகின்றனர். பிரித்தானியா 1992 முதல் அவ்வழியிற் சென்றது. ஏறத்தாழ 1,300 கோடி பவுண் பெறுமதியான வைத்தியசாலைக் கட்டடங்களுக்கு, ஒப்பந்தங்கள் முடிவதற்குள், பராமரிப்பும் சேவைகளும் உட்பட, 8,000 கோடி பவுண் அளவில் அந்நாட்டுச் சுகாதார சேவை செலுத்தவேண்டிவரும் என்று 2019இல் அங்குள்ள ஆய்வு நிறுவனம் ஒன்று கணக்கிட்டது. 2018இல் அரசாங்கமே இனிப் புதிய ஒப்பந்தம் இல்லை என்று அறிவித்துவிட்டது. செல்வநாட்டின் கதை அது.

நம் நாட்டின் கதையோ அண்மையது. 2022 மார்ச் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாயாயிருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயளவுக்கு ஏறிற்று. ஏப்ரலில் அரசாங்கம் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென்று கைவிரித்தது. டொலரில் விலை சொல்லும் உதிரிப்பாகம் ஒவ்வொன்றும் இரண்டு மாதத்தில் முக்காற்பங்கு விலை கூடிற்று. மருந்துக்கே பணமில்லாத வேளையில் இயந்திரத்தைப் பழுதுபார்ப்பது எங்ஙனம்? அவ்வேளையில் அல்லலுற்றவர் யார்? தனியார் வைத்தியசாலைக்குப் போக இயலாத கடற்றொழிலாளியும் தோட்டக்காரனும் விதவைத் தாயும் அல்லவா? 1951இல் அரசாங்க வைத்தியசாலைகளிற் கட்டணம் நீக்கப்பட்டது. 1971இல் 25 சதம் கேட்டார்கள்; 1977இல் அதையும் விட்டார்கள். இலவசம் என்ற சொல்லை நாம் இழக்கவில்லை. பூட்டிய கதவின்மேலும் அச்சொல்லை எழுதிவைக்கலாம் என்பதே எம் அச்சம்.

கொடையே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. 2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை, நாட்டின் தென்கோடியிலிருந்து வடகோடிக்கு, 670 கிலோமீற்றர் நடந்து தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டினார்கள். சிங்களவரும் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து நடந்தார்கள். 2016இல் வடக்கிலிருந்து தெற்கே நடந்து கராப்பிட்டிக்குத் திரட்டினார்கள். இத்தீவில் இவ்வாறும் நடக்கும் என்பதைக் கண்டு மகிழ்ந்தோம். மஹரகமைக்கு மைல் நூற்றுக்கணக்கிற் பயணஞ்செய்த நோயாளிக்குத் தெல்லிப்பழை எத்துணை ஆறுதல்! ஆனால், அங்கும் மக்கள் பணம் கட்டடத்தை எழுப்பியது. வைத்தியரும் தாதியரும் மருந்தும் அரசாங்கத்தின் கையிலிருந்தே வரவேண்டியிருந்தது.

ஆகையால், அந்தக் கடிதத்துக்கு எழுதவேண்டிய மறுமொழி பற்றி எம் கருத்தைச் சொல்லி அமர்கின்றோம். முதலாவது, மாகாணச் சுகாதாரத் திணைக்களத்திடம் எழுத்தில் ஒரு வினா: இவ்வைத்தியசாலைக்கு விடுதி வேண்டுமா, அன்றி இருக்கின்ற விடுதிக்குக் கூரையும் ஆய்வுகூடத்துக்குக் கருவியும் வேண்டுமா? விடுதிதான் வேண்டும் எனில், ஆளணி அனுமதி கைக்கு வந்த பின்னரே அடிக்கல். அனுமதி வர ஓராண்டு செல்லுமாயின் ஓராண்டு காத்திருப்போம். பணம் வங்கியிற் கிடந்து வட்டி ஈட்டட்டும். அடுத்து, திரட்டிய பணம் முழுவதையும் சுவரில் இடாமல் ஐந்திலொரு பங்கைத் திருப்பணி நிதியாக ஒதுக்கவேண்டும்; வட்டியை மட்டுமே பராமரிப்புக்கு எடுக்கவேண்டும்; கணக்கை ஆண்டுதோறும் இதே மண்டபத்தில் வாசிக்கவேண்டும். விடுதி சிறுத்துவிடுமே என்று அவர்கள் வருந்துவார்கள். இரண்டு மாடி ஒரு மாடி ஆகலாம். ஆகட்டும். கழிவுநீர்த் தொட்டி வரைபடத்தில் இடம்பெறாவிட்டால் அவ்வரைபடத்தைத் திருப்பி அனுப்பவேண்டும்.

இம்மறுமொழியைக் கண்டு சிலர் சினந்து பணத்தை வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவார்கள் என்று செயலாளர் அஞ்சுகின்றார். அவ்வச்சம் நியாயமானதே, எமக்கும் உண்டு. ஆயினும் உண்மையை எழுதினால் அவர்களிற் பெரும்பாலோர் விளங்கிக்கொள்வார்கள் என்றே நம்புகின்றோம்; அவர்களும் கோயிற்றிருவிழாக் கணக்குப் பார்த்து வளர்ந்தவர்களே. கடிதத்தின் வரைவை எழுதிக்கொண்டு வந்திருக்கின்றோம். தலைவர் அனுமதித்தால் இப்போதே வாசிக்கின்றோம். திருத்தவேண்டியதைத் திருத்துங்கள், இம்மாத முடிவுக்குள் அது தபாலிற் சேரவேண்டும்.