அச்சமும் அறிவும்



உணர்ச்சி வேறு, அறிவு வேறு என்று பிரித்துப் பேசுவது வழக்கமாகிவிட்டது. உணர்ச்சி அறிவை மறைக்கும் திரை என்றும் கூறுவர். தமிழ் நூலோர் கருத்து இதற்கு மாறானது. உள்ளத்தில் எழுவது மெய்யின்கண் புலப்படும் என்று கண்ட தொல்காப்பியர், அதற்கென மெய்ப்பாட்டியல் வகுத்தார். வள்ளுவரோ, அஞ்சத் தக்கதற்கு அஞ்சுதலை அறிவுடைமை அதிகாரத்தில் வைத்தார். ஆகவே, அச்சமும் அறிவின் தொழிலே ஆகும்.

இதனை உணரச் சிவகாசி வட்டாரத்தைக் காண்பது தகும். மழை குறைந்த இம்மண்ணில் பிழைப்புக்கு வழிதேடும் கவலையே தொழிலுக்கு வித்திட்டது. 1920-களில் அய்யநாடாரும் சண்முகநாடாரும் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தனர். பின்னர்ப் பட்டாசும் அச்சுத்தொழிலும் வளர்ந்தன. 'குட்டி ஜப்பான்' என்னும் பெயரும் வந்தது. கவலையில் பிறந்தது பெருமிதமாயிற்று.

ஆயினும், நாள்தோறும் பழகும் பொருளிடத்து அச்சம் நிலைப்பதில்லை. அணங்கு, விலங்கு, கள்வர், தமக்கு மேலான தலைவர் என அச்சம் பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினைத் தொல்காப்பியர் காட்டுகிறார். அவை யாவும் புறத்திருந்து வருவன. கந்தகமும் அலுமினியத் தூளுமோ அன்றாடச் சோற்றோடு சேர்ந்துவிட்டவை. மருந்து கலக்கும்போது சிறு உராய்வே தீயை எழுப்பும். அதனாலேயே ஓர் அறையில் நால்வருக்கு மேல் இருத்தல் ஆகாது என விதித்தனர். ஆனால், எண்ணிக்கைக் கூலி கையை விரைவுபடுத்துகிறது. நேற்று ஒன்றும் நேரவில்லை என்னும் நினைவு இன்றைய எச்சரிக்கையைக் குறைக்கிறது. இந்த அஞ்சாமையை வீரம் என்பதற்கில்லை; உணர்வு மரத்துப்போன நிலை என்பதே பொருந்தும்.

2012 செப்டம்பர் 5-ஆம் நாள் சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை ஒன்று தீப்பற்றியது. சுற்றுப்புற மக்கள் ஓடிவந்தனர். உதவ வந்தோரும் காண வந்தோரும் அவர்களுள் இருந்தனர். மீண்டும் வெடித்தபோது அவர்களுள் பலர் மாண்டனர். இறந்தோர் ஏறக்குறைய 40 பேர். இரக்கம் ஓடிவரச் செய்தது. மருட்கை நிற்கச் செய்தது. விலக்கிக் காத்திருக்க வேண்டிய அச்சம் மட்டும் எழவில்லை. அதனை அவர்தம் குற்றம் என்பது கொடுமை. தீங்கின் இயல்பை அறிந்தோர் அறியாதோர்க்கு முன்னரே உணர்த்துதல் சமுதாயத்தின் கடன்.

விபத்துக்குப் பின் இரங்கற்பாக்கள் பெருகுகின்றன. அவ்வழுகை மெய்யானதே. எனினும், அடுத்த தீபாவளியின் உவகையில் அது கரைந்துவிடுகிறது. அழச் செய்தல் கவிஞர்க்கு எளிது. மரத்துப்போன அச்சத்தை உயிர்ப்பித்தல் அரிது. அரிய அப்பணியே இவ்வட்டாரக் கவிஞரை எதிர்நோக்கி நிற்கிறது. மருந்தறையில் இருப்பவர் கையை ஒரு கணம் நிறுத்தி எண்ணச் செய்யும் சொல் வேண்டும். அச்சொல் ஆலை உரிமையாளர் நெஞ்சிலும் தைக்குமாயின், நால்வர்க்குரிய அறையில் ஐந்தாமவர் அமர்த்தப்படார்.