ஜில்லா சிறுத்தது, உரிமை பெருத்ததா?



'சேலம் ஜில்லா' என்று நம் பாட்டனார் சொன்னால், ஓசூர் தொடங்கி மோகனூர்க் காவிரிக்கரை வரை என்று பொருள். தந்தையார் காலத்திலே அதே சொல் தொப்பூர்க் கணவாயோடு நின்றுவிட்டது. இன்றைய பிள்ளைகளுக்கோ, மல்லூரைத் தாண்டிச் சற்றுத் தொலைவு சென்றாலே வேறு மாவட்டம்! மண் நகரவில்லை. சேர்வராயன் மலை நின்ற இடத்திலேயே நிற்கிறது. திருமணிமுத்தாறு பழைய தடத்திலேயேதான், அழுக்கோடு என்றாலும், ஓடுகிறது. நகர்ந்தது கோடு ஒன்றுதான்.

"கோடுதானே! எவனோ ஒரு துரை வரைந்தான், வேறொரு மந்திரி அழித்தார், அதிலே நமக்கென்ன?" என்று கேட்பார் உளர். அப்படிக் கேட்பவரை, பட்டா மாறுதலுக்காக மூன்று பஸ் மாறிச் சென்று, 'ஐயா முகாமுக்குப் போயிருக்கிறார்' என்ற பதிலைப் பெற்று, அந்தி சாயும் நேரத்தில் வெறுங்கையோடு வீடு திரும்பிய உழவனிடம் அழைத்துச் செல்லுங்கள். கோடு என்றால் என்ன என்பதை அவன் விளக்குவான், நம்மைவிட நன்றாக.

அலுவலகம் நம் பக்கத்திலே வந்திருக்கிறது. நன்மைதான், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த அலுவலகத்தைப் பார்த்து, ஊரின் சார்பிலே கேள்வி கேட்கும் உரிமை பெற்றவர் அதே வேகத்தில் வந்தாரா? வந்தவர் நிலைத்தாரா? இதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

1792ஆம் ஆண்டு, ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கைப்படி, திப்பு சுல்தான் தன் நாட்டிலே பாதியைப் பறிகொடுத்தான். பாரமகாலும் சேலமும் கும்பினியார் கைக்கு வந்தன. காப்டன் அலெக்சாண்டர் ரீடு கலெக்டர். அவருக்கு உதவியாளர்களுள் ஒருவர் தாமஸ் மன்றோ, பின்னாளில் சென்னைக் கவர்னரானவர். மலைக்குக் கீழே கிடந்த சேலம், நாமக்கல், திருச்செங்கோட்டுச் சமவெளிக்கு அவர்கள் வைத்த பெயர் 'தாலகாட்'. வடக்கே பாரமகால். 1799இல் திப்பு வீழ்ந்த பிறகு ஓசூர்ப் பக்கத்து மேட்டு நிலம் 'பாலகாட்' என்று சேர்ந்தது. கணவாய்க்குக் கீழ், கணவாய்க்கு மேல்: இவ்வளவுதான் கணக்கு! கீழ்க்கரைப் பூந்துறை நாடு என்றும் இராசிபுர நாடு என்றும் இங்குள்ளோர் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வந்த பெயர்கள் கும்பினியின் வரவு செலவுப் புத்தகத்திற்குத் தேவைப்படவில்லை.

ஏறத்தாழ அதே நேரத்தில், 1790ஆம் ஆண்டு, பிரெஞ்சு நாட்டிலும் பழைய மாகாணங்களைக் கலைத்து 83 புதிய பிரிவுகளை வகுத்தார்கள். அங்கே வகுத்தது மக்கள் பிரதிநிதிகள் கூடிய சபை. பிரபுக்களின் பிடியை உடைக்க வகுத்தார்கள். குடிமகன் ஒரே நாளிலே தலைநகருக்குச் சென்றுவர வேண்டும் என்பது அளவுகோல். இங்கே வகுத்தது வணிகக் கும்பினி. அளவுகோல் தீர்வை! வசூல்காரன் ஒரே பருவத்தில் எத்தனை வயலைச் சுற்ற முடியும் என்பதே அவர்கள் கவலை. ரீடும் மன்றோவும் நிலத்தை அளந்து, குடியானவனோடு நேரே கணக்கு வைத்துக்கொண்ட முறைதான் பின்னர் ரயத்துவாரி என்று மாகாணமெங்கும் பரவியது. இடைத்தரகன் ஒழிந்தான் என்பது அதன் சிறப்பு. அந்தச் சிறப்பையும் நெடுநாள் வைத்திருக்க மனம் வரவில்லை அவர்களுக்கு. 1802இல் நிரந்தரத் தீர்வைச் சட்டம் வந்தது. சேலம் சீமையைக் கூறு போட்டு, 'மிட்டா' என்று பெயர் சூட்டி, ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர் மிட்டாதார் ஆனார். கட்ட முடியாமல் பலர் கவிழ்ந்தனர். கவிழ்ந்த மிட்டாக்கள் சர்க்காரிடமே திரும்பின. கவிழாதவை 1948ஆம் ஆண்டுச் சட்டம் வந்து ஒழிக்கும் வரை நீடித்தன.

ஊருக்குள்ளே ஆட்சி என்றால் அன்று இருவர். ஒருவர் மணியக்காரர், மற்றவர் கணக்குப்பிள்ளை எனப்பட்ட கர்ணம். அப்பனுக்குப் பின் மகன். வெள்ளைக்காரன் போன பிறகும், குடியரசு வந்த பிறகும், அந்தப் பரம்பரை வீடுகள் பலவற்றில் கிராமக் கணக்கு கிடந்தது. எந்த வயல் யார் பெயரில் என்பதைச் சொல்லும் நாக்கு ஒரே வீட்டில் இருந்தால், ஏழையின் நிலம் எங்கே போகும்? 1980 நவம்பரில் ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அதிகாரிகள் பதவி ஒழிக்கப்பட்டது. வழக்கு உச்சநீதிமன்றம் சென்றது. 1982இல் ஒழிப்புச் செல்லும் என்று தீர்ப்பாயிற்று. கிராம நிர்வாக அலுவலர் வந்தார். ஜில்லாக்களைப் பிரித்த விழாக்களுக்குக் கட்டிய தோரணத்தில் நூறில் ஒரு பங்குகூட இதற்குக் கட்டப்படவில்லை. என் கருத்தில், கிராமத்தைப் பொறுத்தவரை அந்த விழாக்களைவிடப் பெரிய மாறுதல் இதுவே.

இனி, குரலின் கதைக்கு வருவோம்.

1866இல் சேலம் நகரசபை அமைந்தது. 1882ஆம் ஆண்டு ரிப்பன் பிரபு உள்ளாட்சித் தீர்மானத்தை வெளியிட்டார். அதே ஆண்டில் சேலத்தில் கலகம் மூண்டது. நகரசபை உறுப்பினராக இருந்த சி. விஜயராகவாச்சாரியார் மீது குற்றம் சாட்டிப் பத்தாண்டுத் தண்டனை விதித்தார்கள். மேல்முறையீட்டில் விடுதலை பெற்றார். அத்தோடு ஓய்ந்தாரா? இல்லை. தன்னை விளக்கம் கேட்காமலே நகரசபையிலிருந்து நீக்கிய சர்க்காரின் மீது வழக்குத் தொடுத்தார். வாய்ப்புத் தராமல் நீக்கியது முறையன்று என 1884இல் சென்னை உயர்நீதிமன்றம் கூறிற்று. இந்தியாவை ஆண்ட சர்க்காரை, சேலத்து நகரசபை உறுப்பினர் ஒருவர் கூண்டிலே ஏற்றி வென்றார்! பின்னாளில், 1920இல், நாகபுரி காங்கிரசுக்கு அவர் தலைமை வகித்ததை அறிந்தோர் பலர். இந்த வழக்கை அறிந்தோர் சிலர்.

1884இல் வந்த ஸ்தல ஸ்தாபனச் சட்டம் ஜில்லா போர்டு, தாலுக்கா போர்டு, யூனியன் என்று மூன்று படி கட்டியது. தலைமை நாற்காலி மட்டும் கலெக்டருக்கு. 1920ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பிறகே மக்கள் தலைவர்கள் அந்த நாற்காலியை நெருங்கினர். சாலை, சத்திரம், மருத்துவமனை, 'போர்டு ஹைஸ்கூல்' எல்லாம் ஜில்லா போர்டின் கையில் இருந்தன. நகரங்களிலும் அப்படியே. இராஜாஜி 1917 முதல் 1919 வரை சேலம் நகரசபைத் தலைவர். அதே காலத்தை ஒட்டிக் காவிரிக்கு அக்கரையில் ஈரோட்டு நகரசபைத் தலைவர் பெரியார். பிற்காலத்தில் இரு துருவமாக நின்ற இருவரும் குடிநீர்க் குழாயிலும் சாக்கடைக் கால்வாயிலும்தான் பொதுவாழ்வின் பாடத்தைப் படித்தனர் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இதற்கிடையே நாமக்கல்லை எடுத்துப் பந்தாடிய கதை ஒன்று உண்டு. 1910இல் நாமக்கல் தாலுக்காவைச் சேலத்திலிருந்து பெயர்த்துத் திருச்சியில் ஒட்டினார்கள். கோவையிலிருந்த கரூரும் அவ்வாறே திருச்சிக்குப் போயிற்று. மறு ஆண்டு திருப்பத்தூர் வடஆர்க்காட்டுக்கு. ஏறத்தாழ இருபது ஆண்டு கழித்து, 'போதும், திரும்பி வா' என்று நாமக்கல்லை மீண்டும் சேலத்திலே சேர்த்தார்கள். போகச் சொன்னபோதும் கேட்கவில்லை. வரச் சொன்னபோதும் கேட்கவில்லை. கேட்பதற்கு அந்நாளில் வழியுமில்லை.

நாடு விடுதலை பெற்றது. 1957இல் பல்வந்தராய் மேத்தா குழு அறிக்கை. 1958இல் காமராசர் ஆட்சியில் சென்னை ஊராட்சிச் சட்டம். 1960ஐ ஒட்டி ஊராட்சி ஒன்றியங்கள் எழுந்தன. ஒன்றியத்தால் சிற்றூருக்குப் பள்ளி வந்தது, கிணறு வந்தது, சாலை வந்தது. நன்றியோடு ஒப்புக்கொள்வோம். ஆனால் அதே கையோடு ஜில்லா போர்டை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் ஜில்லா வளர்ச்சி மன்றம். அதற்குத் தலைவர் யார்? கலெக்டர்! 1884இல் எந்த நாற்காலியில் அமர்ந்திருந்தாரோ, அங்கேயே திரும்பி வந்தமர்ந்தார். அதன் பிறகு 1996 வரை, முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாக, ஜில்லா அளவில் மக்கள் தேர்ந்த சபை என்பதே இல்லை.

அந்த இடைவெளியில்தான் 1965 அக்டோபர் 2ஆம் நாள் தருமபுரி தனி ஜில்லாவாயிற்று. ஓசூரான் சேலத்திற்கு நூறு மைல் நடையாக நடந்த கொடுமை தீர்ந்தது. (தருமபுரியே பிறகு பிளந்து, 2004 பிப்ரவரி 9ஆம் நாள் கிருஷ்ணகிரி பிறந்தது.) 1997 சனவரி முதல் நாள் நாமக்கல் மாவட்டம் இயங்கத் தொடங்கியது. நாமக்கல், இராசிபுரம், திருச்செங்கோடு, பரமத்திவேலூர் என நான்கு வட்டங்கள். வேலூர்க்காரர் சேலத்திற்குப் போய்வர ஒரு நாளையும் ஒரு நாட் கூலியையும் இழந்த நிலை மாறிற்று.

மாறாததும் உண்டு. பள்ளிபாளையத்து விசைத்தறிக்காரருக்குச் சந்தை, பாலத்தைக் கடந்தால் ஈரோடு. குமாரபாளையத்தாருக்கு எதிர்க்கரை பவானி. மோகனூருக்குக் கரூர் அருகு. துணியும் நூலும் பெண் கொடுப்பதும் எடுப்பதும் ஆற்றைக் கடக்கின்றன. கோப்பு மட்டும் கடப்பதில்லை. ஆறுதான் எல்லை என்று வரைபடம் வரைபவர் நினைக்கிறார். கரையில் வாழ்பவர் அதைத் தெருவாக நினைக்கிறார். ஆத்தூரைத் தலைநகராக்கித் தனி மாவட்டம் வேண்டும் என்ற குரலும் இங்கே எழுந்ததுண்டு. எழட்டும், குறை சொல்லேன். புதிய கலெக்டரைக் கேட்கும்போதே, அவருக்கு எதிரே அமரப்போகும் மாவட்ட ஊராட்சிக்கு என்ன பணம், என்ன பணி என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

ஏன் சொல்கிறேன்? 1970இல் ஊராட்சித் தேர்தல் நடந்தது, அடுத்தது 1986இல். அதற்கடுத்தது 1996இல். எவ்வளவு நீண்ட இடைவெளி! இந்த அவலத்தை ஒழிக்கவே 73ஆம் அரசியல் சட்டத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் கட்டாயம் என்றது. 1994இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் வந்தது. மகளிருக்கு மூன்றிலொரு பங்கு இடம். 2016இல் அது பாதியாயிற்று. ஆனால் அதே 2016 அக்டோபரில் நடக்கவிருந்த தேர்தல் நீதிமன்றத் தடையால் நின்றது. மூன்றாண்டு தனி அலுவலர் ஆட்சி. 2019 டிசம்பரில்தான் சேலம், நாமக்கல் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் ஊரகத் தேர்தல் நடந்தது. நகரங்களுக்கு 2022 பிப்ரவரி வரை காத்திருப்பு. 2019இல் தேர்ந்தவர்களின் காலம் 2025 சனவரி 5ஆம் நாளோடு முடிந்தது. முடிந்தவுடன் மறுபடியும் தனி அலுவலர்!

இலண்டன் மாநகர சபையை 1986இல் தாட்சர் அம்மையார் கலைத்தார். அந்த நகரத்தார் 1998இல் வாக்கெடுப்பு நடத்தி, 2000இல் தம் மேயரைத் தேர்ந்தனர். அங்கே கலைக்க ஒரு சட்டம் தேவைப்பட்டது. அதன்மீது பெரும் போரே நடந்தது. இங்கே கலைக்க வேண்டியதில்லை. தேதி அறிவிக்காமல் இருந்தால் போதும். இருக்கும்போதும் தலைவர் நிம்மதியாக இருப்பதில்லை. 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின் 205ஆம் பிரிவு, ஊராட்சித் தலைவரை நீக்கும் அதிகாரத்தைக் கலெக்டரிடம் தந்திருக்கிறது.

பட்டணமாவதும் ஒரு கோடுதான். சேலம் நகராட்சி 1994இல் சூரமங்கலத்தையும் சுற்றுச் சிற்றூர்களையும் சேர்த்து மாநகராட்சியாயிற்று. நாமக்கல் 2024இல் சுற்றிலுமிருந்த ஊராட்சிகளைச் சேர்த்துக்கொண்டு அந்தத் தகுதியைப் பெற்றது. லாரிக்கும் முட்டைக்கும் பேர்போன ஊர், உயரட்டும்! ஆனால் இணைக்கப்படும் சிற்றூரின் ஏழைக்கு ஊரக வேலைத் திட்டம் போகிறது, வீட்டு வரி ஏறுகிறது, ஊராட்சித் தலைவர் என்ற ஒருவரே இல்லாமல் போகிறார். அவரை முன்கூட்டியே கூப்பிட்டு இதை விளக்க வேண்டாமா?

கொல்லிமலைக்கு வாருங்கள். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, சேலூர் நாடு, தேவனூர் நாடு, குண்டூர் நாடு என்று அங்குள்ள ஊராட்சிகள் இன்றும் 'நாடு' என்ற பெயரையே தாங்கி நிற்கின்றன. சமவெளியில் கும்பினி அழித்த பெயர், மலைமேல் பிழைத்துக்கொண்டது. பட்டக்காரரும் ஊர்க்கவுண்டரும் கூடி வழக்குத் தீர்த்த மண் அது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறித் தாலுக்கா அலுவலகம் அங்கே போய்விட்டது. பழங்குடி மக்களின் கிராமசபைக்கு நிலத்தின்மீதும் காட்டுப் பொருளின்மீதும் அதிகாரம் தரும் 1996ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் போகவில்லை. காரணம், தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று எந்த மலையும் அறிவிக்கப்படவில்லை.

தோழர்களே! சனவரி 26, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2 ஆகிய நாட்களில் கிராமசபை கூட வேண்டும் என்பது விதி. தலைவர் இல்லாவிட்டாலும், தனி அலுவலரே இருந்தாலும், கூட்டியாக வேண்டும். அன்றைக்கு வேலை இருக்கிறது என்று ஒதுங்காதீர்கள். வீட்டுப் பெண்களையும் அழைத்துச் செல்லுங்கள். வரவு செலவைப் படிக்கச் சொல்லுங்கள். படிக்கும்போது இடையிலே நிறுத்தி, ஒவ்வோர் இனமாகக் கேளுங்கள். நீங்கள் சொன்ன தீர்மானம் புத்தகத்தில் ஏறியதா என்று பார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். எழுதாத தாளில் கையெழுத்துக் கேட்டால், எழுந்து வந்துவிடுங்கள்.