வெளிநாட்டில் கற்ற தொழிலும் சொந்த ஊர்த் திராட்சையும்

(வானொலி உரையின் எழுத்து வடிவம்)



திராட்சை மது என்றதும் முகம் சுளிக்க வேண்டாம். குடிக்கச் சொல்லி நான் வரவில்லை. திராட்சையின் குணம் எங்கே நிற்கிறது, எங்கே கெடுகிறது என்று அறிய அந்தத் தொழிலைப் பார்ப்பது நல்லது.

ஐரோப்பாவிலுள்ள குரோவேஷியாவில் தெஸ்னே என்ற சிற்றூர். அங்கே 1923-இல் ஒரு திராட்சை விவசாயியின் பதினோராவது பிள்ளையாகப் பிறந்தவர் மைக் கிர்கிச். சாக்ரெபில் படித்து, 1954-இல் நாட்டை விட்டு வெளியேறி, 1958-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே பிரான்சில் பயின்ற ஆந்திரே செலிஷ்செஃப் என்ற நிபுணரிடம் வேலை பார்த்தார்.

அங்கே கவனித்துச் செய்த வேலைகளில் முதலாவது, சூட்டை அடக்குவது. நொதிக்கும்போது சாறு தானே சூடேறும். 35 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ஈஸ்ட் சோர்ந்துவிடும். நொதித்தல் பாதியில் நிற்கும். பிறகு கெடுக்கும் கிருமிகளுக்கு விருந்துதான். வெள்ளைத் திராட்சைச் சாற்றை 15 டிகிரி அளவில் மெல்ல நொதிக்கவிட்டால் பழத்தின் மணம் தங்கும். அடுத்தது புளிப்பு. பழத்திலுள்ள மாலிக் அமிலத்தை ஒருவகை பாக்டீரியா லாக்டிக் அமிலமாக மாற்றுகிறது. நம் வீட்டுத் தயிரில் இருப்பதும் இந்த லாக்டிக் அமிலமே. இம்மாற்றம் தொட்டியிலேயே முடிந்தால் சுவை மென்மையாகும். புட்டியில் அடைத்தபின் நடந்தால் வாயு உண்டாகி, சரக்கு கலங்கிப்போகும். ஆகவே சோதித்துப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். இதில் கைப்பக்குவத்தை மட்டும் நம்ப முடியாது.

1976-இல் பாரிஸ் நகரில் பெயர் மறைத்து ஒரு சுவைப் போட்டி நடந்தது. வெள்ளை வகையில் முதலிடம் பெற்றது, கலிபோர்னியாவில் கிர்கிச் தயாரித்த 1973-ஆம் ஆண்டுச் சரக்கு. தீர்ப்புச் சொன்னவர்கள் பிரெஞ்சுக்காரர்கள்!

இத்தனை பெயர் வாங்கியவர் 1996-இல் சொந்த நாட்டில், திர்ஸ்தெனிக் என்ற கடற்கரை ஊரில், ஒரு சிறு ஆலை திறந்தார். வெளிநாட்டுத் தொழில்நுட்பத்தைக் கொண்டு வந்தார். திராட்சைக்கு மட்டும் உள்ளூர் இரகங்களையே எடுத்துக்கொண்டார். கறுப்பில் பிளாவாட்ஸ் மாலி, வெள்ளையில் பொஷிப்.

ஆலையில் எவ்வளவு வித்தை தெரிந்தாலும், கொடியில் ஏறாத இனிப்பை அங்கே ஏற்ற முடியாது. மாம்பழம் போலத் திராட்சை பறித்தபின் பழுப்பதில்லை. கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர்த் திராட்சைக்கும் இதே கதைதான். விலை ஏறியிருக்கிறதே என்று ஒரு வாரம் முன்னதாக வெட்டினால் அந்தப் புளிப்பு அப்படியே நிற்கும். குலையின் நுனிப் பழத்தையும் தின்று பாருங்கள். அதுதான் கடைசியில் இனிக்கும். காலையில் வெயில் ஏறுமுன் வெட்டி, நிழலில் வையுங்கள். உடைந்த பழத்தைக் கூடையிலிருந்து அகற்றிவிடுங்கள். நொதித்தல் அங்கேயே தொடங்கிவிடும்.

இன்னொரு செய்தி. கலிபோர்னியாவில் ஜின்ஃபண்டல் என்ற கறுப்பு இரகம் உண்டு. அது தம் ஊர்ப் பிளாவாட்ஸ் மாலியேதான் என்று கிர்கிச் எண்ணியிருந்தார். மரபணுச் சோதனை அதைச் சற்றே திருத்தியது. ஜின்ஃபண்டல் குரோவேஷியாவின் பழைய இரகம்தான். ஆனால் பிளாவாட்ஸ் மாலி அதன் பிள்ளை. அந்தப் பழைய இரகம் 2001-இல் காஸ்டெல் நோவி என்ற ஊரின் தோட்டமொன்றில், மற்றக் கொடிகளுக்கு நடுவே, விரல்விட்டு எண்ணக்கூடிய கொடிகளாக எஞ்சியிருந்தது கண்டுபிடிக்கப்பட்டது. கிர்கிச் நூறு வயது வாழ்ந்து 2023-இல் காலமானார்.