டீசல் பஸ்ஸா, மின்சாரப் பஸ்ஸா?

கருங்குழியில் ஜி.எஸ்.டி. சாலை ஓரம் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு டீசல் புகை பழகிப்போன ஒன்று. சென்னையிலோ 2025 ஜூன் 30 அன்று வியாசர்பாடி பணிமனையிலிருந்து 120 மின்சாரப் பஸ்கள் புறப்பட்டன. எது மலிவு?

டீசல் பஸ் லிட்டருக்கு நாலரை கிலோமீட்டர் போகிறது, லிட்டர் 90 ரூபாய் என்று வையுங்கள். கிலோமீட்டருக்கு 20 ரூபாய் ஆகிறது. மின்சாரப் பஸ்ஸுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு யூனிட்டுக்குச் சற்று அதிகம், ஏறக்குறைய 10 ரூபாய். பாதிக்குப் பாதி! என்ஜின் ஆயில் மாற்றும் வேலையும் இல்லை.

ஆனால் வாங்கும் விலை டீசல் பஸ்ஸைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதனால் சென்னையின் மாநகர் போக்குவரத்துக் கழகம் இந்தப் பஸ்களை வாங்கவே இல்லை. தனியார் நிறுவனம் பஸ், பேட்டரி, டிரைவர் எல்லாம் தருகிறது. கழகம் கிலோமீட்டருக்குச் சுமார் 77 ரூபாய் கொடுக்கிறது. ஏ.சி. என்றால் 81. கண்டக்டரும் டிக்கெட் வசூலும் கழகத்துடையவை. ஆகவே இந்த 77 ரூபாயை டீசல் பஸ்ஸின் மொத்தச் செலவோடு அப்படியே ஒப்பிடுவது, என்னைக் கேட்டால், நியாயமில்லை.

எரிபொருளை மட்டும் பார்த்தால், நாளுக்கு 200 கிலோமீட்டர் ஓடினால் மிச்சம் 2,000 ரூபாய். ஆண்டுக்குச் சுமார் ஏழு லட்சம். இரண்டு நடை மட்டும் போய்வரும் கிராமத்துத் தடத்தில் மின்சாரப் பஸ் கட்டாது. செங்கல்பட்டு, கருங்குழி, மேல்மருவத்தூர் என்று நாள் முழுக்க ஓடும் தடத்தில் தாராளமாகக் கட்டும். நம் பக்கம் மின்சாரப் பஸ் வருவதானால், முதலில் அந்தத் தடத்தில்தான் விட வேண்டும்.