வந்தாரை வாங்குவாராக்கும் வழி

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சேலம், நாமக்கல் சீமையில் வாழும் நம்மவர்க்கு வியாபாரம் புதியதன்று. இளம்பிள்ளைச் சேலையும், சேலத்து வெண்பட்டும், ஜவ்வரிசியும், நாமகிரிப்பேட்டை மஞ்சளும், இராசிபுரத்து நெய்யும் நெடுந்தூரம் பெயர் பெற்றவை. ஆயினும், இற்றைநாளில் நம் இளைஞர் பலர் இணையதளத்தில் கடை திறந்துவிட்டு, பார்ப்பவர் அநேகர், வாங்குபவர் சிலரே என்று மனஞ் சோர்கின்றனர். சிலர் கடன் பட்டும் விளம்பரத்துக்குப் பணம் இறைக்கின்றனர். ஆகலின், வந்து பார்ப்பவரை வாங்குபவராக்கும் வழி யாது என்பது பற்றிச் சில கூற விரும்புகின்றோம்.

முதலில் ஒரு சிறு கணக்கு. ஒரு கடையின் தளத்துக்கு மாதம் 1000 பேர் வருகின்றனர்; அவருள் 10 பேர் வாங்குகின்றனர் என்று கொள்வோம். விற்பனை இரட்டிக்க வேண்டுமாயின் வழிகள் இரண்டு. விளம்பரச் செலவை இரட்டித்து 2000 பேரை அழைப்பது ஒன்று. வந்தும் வாங்காது சென்ற 990 பேருள் இன்னும் 10 பேருடைய ஐயத்தைத் தீர்ப்பது மற்றொன்று. பின்னதற்குப் பணம் அதிகம் வேண்டுவதில்லை, கவனம் வேண்டும். ஓட்டைக் குடத்தில் நீர் நிற்கவில்லையெனில், முதலில் ஓட்டையை அடைப்பதன்றோ அறிவுடைமை?

வந்தவர் ஏன் வாங்காது செல்கின்றனர்? நேர்க்கடையில் சேலை வாங்க வரும் தாய்மார், துணியை விரலால் தொட்டுப் பார்ப்பர். வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பர். சாயம் போகுமா என்று கேட்பர். இணையக்கடையில் கண் ஒன்றே உண்டு, கையில்லை. ஆதலின் கை செய்யும் வேலையைப் படமும் சொல்லும் செய்தல் வேண்டும். சேலையின் நீளம் எவ்வளவு, இரவிக்கைத் துணி உண்டா, பாவு எந்நூல், ஊடை எந்நூல், சரிகை அசலா போலியா, எப்படித் துவைப்பது ஆகிய யாவும் தெளிவாக எழுதப்படுதல் அவசியம். பகல் வெளிச்சத்தில் எடுத்த படங்களில் கரையும், முந்தானையும், துணியின் பின்புறமும் தெரிய வேண்டும். இளம்பிள்ளை வியாபாரிகள் பலர் சேலையை விரித்துக் காட்டும் காணொளியாலும், வாட்ஸ்அப் உரையாடலாலுமே வெளியூர்களுக்கு விற்கின்றனர். கேட்டவுடன் விடையளிப்பதே அவ்வழியின் பலம்.

அடுத்தது விலை. 1852-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து போன் மார்ஷே கடையில் பங்காளியாகச் சேர்ந்த அரிஸ்டைட் பூசிகோ என்பார், பொருள்தோறும் நிலையான விலை குறித்தார். எவரும் வாங்கும் கட்டாயமின்றி உள்ளே வந்து பார்க்கலாம் என்றார். பிடிக்காத பொருளைத் திரும்பப் பெற்றார். அதனால் நஷ்டமடைந்தாரோவெனில், இல்லை. சிறு கடை உலகப் புகழ் பெற்ற பெருங்கடையாயிற்று. நம் இணையக்கடைகளோ பல, சேலைக்கு ஒரு விலை காட்டி, கூரியர் கூலியைக் கடைசிப் பக்கத்தில் கூட்டுகின்றன. கூடையில் பொருளை இட்டவருள் பத்துக்கு ஏழுபேர் வாங்காமலே போகின்றனர் என்றும், எதிர்பாராத மேற்செலவே அதற்குரிய காரணங்களுள் தலையாயது என்றும் பல நாட்டு ஆராய்ச்சிகள் கூறுகின்றன. ஆகையால் மொத்தச் செலவையும், பொருள் வந்து சேரும் நாளையும் முதற்பக்கத்திலேயே கூறுக.

பணம் செலுத்துவதும் எளிதாக இருத்தல் வேண்டும். 2016-இல் யு.பி.ஐ. முறை வந்தபின் பூக்கடையிலும் போன் வழியே பணம் பெறுகின்றனர். அவ்வாறிருக்க, ஒரு சேலை வாங்க வந்தவரிடம் கணக்குத் திறக்கவும், கடவுச்சொல் அமைக்கவும், பத்துக் கேள்விக்கு விடை எழுதவும் கட்டாயப்படுத்துவது வாயிலில் முள்வேலி இடுவதை ஒக்கும்.

இனி, நாம் முக்கியமாகக் கூற வந்த விஷயம் நாணயம். "இன்னும் ஒன்றே உளது", "பத்து நிமிஷத்தில் விலை ஏறும்" என்று பொய் கூறி அவசரப்படுத்துமாறு போதிப்போர் உளர். இத்தகைய சூழ்ச்சிகளை 2023-ஆம் ஆண்டு நவம்பரில் மத்திய அரசு வெளியிட்ட நெறிமுறைகள் தடுக்கின்றன. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளோ, விற்பவர் தம் பெயர், முகவரி, பொருளைத் திரும்பப் பெறும் முறை ஆகியவற்றை வெளிப்படுத்தவும், வந்த புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்று ஒரு மாதத்துக்குள் தீர்க்கவும் கட்டளையிடுகின்றன. இவற்றைத் தொல்லையென்று எண்ணற்க. முகமறியாதவரிடம் பணம் அனுப்ப அஞ்சுபவர்க்கு, கடைக்காரரின் ஊரும் முகவரியும் அன்றோ முதல் தைரியம்!

இதனினும் பெரிய பொய் ஒன்று உண்டு. விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்றும், செயற்கைப் பட்டைத் தூயபட்டு என்றும் எழுதி விற்பதே அது. விசைத்தறித் தொழில் இழிவானதன்று. அதனால் வாழும் நம் குடும்பங்கள் மிகப் பல. ஆனால் பெயரை மாற்றி விற்கும்போது, நாளெல்லாம் குழித்தறியில் அமர்ந்து உழைக்கும் நம் அண்ணன் தம்பியின் கூலியை நாமே பறிக்கின்றோம். விசைத்தறி விலைக்குக் "கைத்தறி" கிடைக்குமென்று கண்டவர், உண்மைக் கைத்தறிக்கு உரிய விலையைக் கொடுப்பாரோ? 1985-ஆம் ஆண்டுச் சட்டம் சிலவகைத் துணிகளைக் கைத்தறிக்கே ஒதுக்கியுள்ளது. பட்டுக்கு 2004-இலும், கைத்தறிக்கு 2006-இலும் முத்திரைகள் ஏற்பட்டன. சேலத்து வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடும் உண்டு. தகுதியுடையோர் இவற்றைப் பெற்றுத் தளத்தில் காட்டுக. ஏனையோர் "விசைத்தறிச் சேலை, நல்ல உழைப்பு, நியாய விலை" என்று உள்ளபடி எழுதுக. உள்ளதைச் சொன்னவரிடமே மறுமுறையும் வருவர். ஒருமுறை ஏமாந்தவரோ, நம்மூர்ப் பெயரையே வெறுப்பர்.

முடிவாக, கடை வைத்துள்ள இளைஞர்க்கு ஒரு வேண்டுகோள். இன்றிரவே உங்கள் தாயாரிடமோ அத்தையிடமோ போனைக் கொடுத்து, உங்கள் கடையில் ஒரு சேலை வாங்கச் சொல்லுங்கள். வாய் திறவாமல் அருகிருந்து பாருங்கள். அவர் எங்கே தயங்குகின்றாரோ அங்கேதான் உங்கள் வாடிக்கையாளரும் திரும்பிப் போகின்றார். அத்தடையை நீக்குங்கள். ஒரு மாதம் கணக்கு வைத்து, வந்தவர் எத்தனை, வாங்கியவர் எத்தனை என்று ஒப்பிட்டுப் பார்த்துப் பின்னர் அடுத்த தடையைத் தேடுங்கள். விளம்பரத்துக்குக் கடன் வாங்குவது அதற்கும் பிறகு யோசிக்க வேண்டியது.

கணினி அறிந்த நம் வாலிபர்கள், அறியாத நெசவாளர் குடும்பங்களுக்கு மாதம் ஒரு நாளேனும் உதவ முன்வருவாராயின், சங்கம் அதனினும் மேலான தொண்டு செய்தல் அரிது.