தீவுக்கு வந்த ‘கல்’

இன்று ஒரு சின்னச் சொல்லோடு அந்தமானைச் சுற்றி வரலாம். இரண்டே எழுத்து: கல்.

தமிழருக்கு இதன் பொருளைச் சொல்லித்தர வேண்டியதில்லை. தோசை வார்க்க ஒரு கல், தராசுத் தட்டில் ஒரு கல், தோட்டில் பதிக்க ஒரு கல். ‘இன்னும் மூணு கல் நடக்கணும்’ என்று பெரியவர்கள் தூரத்தையும் கல்லால்தான் சொன்னார்கள். பிள்ளையைப் படி என்று சொல்லவும் அதே ‘கல்’.

இந்தச் சொல்லோடு ஸ்ரீ விஜய புரத்துக்கு, 2024 வரை போர்ட் பிளேயர் என்று வழங்கிய ஊருக்கு, வாருங்கள். 2011 கணக்கெடுப்பின்படி இந்தத் தீவுகளில் நூற்றுக்கு 28 பேருக்கு வங்காளம் தாய்மொழி. இந்தி 19 பேருக்கு, தமிழ் 15 பேருக்கு, தெலுங்கு 13 பேருக்கு. மலையாளமும் நிக்கோபாரியும் ஏழெட்டுப் பேருக்கு. அபர்தீன் பஜாரில் இவர்கள் எல்லாரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு நடக்கிறார்கள்.

நமக்கும் மலையாளிக்கும் ‘கல்லு’ என்றால் கல், ‘கள்ளு’ என்றால் மரத்தில் இறக்குகிற கள். தெலுங்கர் வாயில் ‘கல்லு’ என்பதே கள். அவரே நாக்கை மடக்கிக் ‘கள்ளு’ என்றால் கண்கள். வங்காளிக்கு, ‘கல்’ என்று எழுதிக் ‘கொல்’ போல ஒலிக்கிற சொல் தண்ணீர்க் குழாய்க்கும் இயந்திரத்துக்கும் பெயர்.

இவற்றில் என்னை அதிகம் ஈர்ப்பது இந்திக் கல். நேற்றும் அதுதான், நாளையும் அதுதான். துறைமுகத்தில் கப்பலுக்காக நிற்பவர் பேச்சைக் கேளுங்கள். ‘ஜஹாஜ் கல் ஆயா’ என்றால் கப்பல் நேற்றே வந்துவிட்டது. ‘ஜஹாஜ் கல் ஆயேகா’ என்றால் நாளைதான் வரும். சென்னையிலிருந்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் கடலைக் கடந்து கப்பல் வர மூன்று நாள் போலப் பிடிக்கும். கடல் கொந்தளித்தால் இன்னும் தள்ளும். மகனையோ மருந்தையோ எதிர்பார்த்து நிற்பவருக்கு நேற்று வேறு, நாளை வேறு. ஆனாலும் யாரும் குழம்புவதில்லை. அடுத்து வரும் வினைச்சொல் காலத்தைக் காட்டிவிடுகிறது. புதிதாக வந்த தமிழர்தான் ‘கல்’ காதில் விழுந்ததும் பதறாமல், வாக்கியம் முடியும்வரை பொறுக்கப் பழக வேண்டும்.

இரண்டுக்கும் ஒரே சொல்லா, அத்தனை சொற்பஞ்சமா என்று கேட்பவர்கள் உண்டு. அது நியாயமில்லை. விடியலைக் குறிக்கும் ‘கல்ய’ என்ற வடசொல்லின் வழியில் வந்தது இது. இன்றைக்கு ஒரு விடியல் தள்ளி, அவ்வளவுதான். முன்னா பின்னா என்பது வினையின் பொறுப்பு. வங்காளிகளின் ‘கால்’ என்ற சொல்லும் இப்படியே நேற்றையும் நாளையையும் சேர்த்துச் சுமக்கிறது.

இந்தக் ‘கல்’ எல்லாம் இங்கே வந்து குடியேறியவை. 1858 மார்ச்சில் ஆங்கிலேயர் கைதிகளைக் கொண்டுவந்து இறக்கியபோது இந்தத் துறைமுகத்தைச் சுற்றி ஒலித்தது அகா-பியா என்ற மொழி. மேன், போர்ட்மன், டெம்பிள் என்ற ஆங்கிலேய அதிகாரிகள் அதைக் குறித்து வைத்தார்கள். அந்தக் குறிப்புகளில் ‘யோப்’ என்றொரு குட்டிச் சொல் இருக்கிறது. அதற்கு முன்னால் உடலைச் சுட்டும் ஓர் ஒட்டு வரும். தலை, நெஞ்சு சார்ந்த ‘ஒட்’ சேர்ந்தால் கடற்பஞ்சு போல உருண்டு மெத்தென்று இருப்பது. நாக்கு சார்ந்த ‘அகா’ சேர்ந்தால் குச்சி போலக் கூரானது. கைகால் சார்ந்த ‘அர்’ சேர்ந்தால் விழுந்து மட்கிய மரம். இந்தியில் பின்னால் வரும் வினை செய்கிற வேலையை இங்கே முன்னால் நிற்கும் உடம்பு செய்கிறது.

‘நல்ல’ என்பதற்குப் ‘பேரிங்கா’. அதோடு கை சேர்ந்தால் கெட்டிக்காரர். கண் சேர்ந்தால் கூர்ந்த பார்வை உடையவர். நாக்கு சேர்ந்து ‘அகா-பேரிங்கா’ ஆனால் மொழிகளில் வல்லவர். கைதேர்ந்தவர், நாவன்மை என்று நாமும் சொல்கிறோம். நமக்கு அது சொல்லாட்சி. அவர்களுக்கு அதுவே இலக்கணம்.

இப்படியொரு மொழியை நாம் காப்பாற்றவில்லை. வெளியார் கொண்டுவந்த நோய்கள் அதைப் பேசியவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தன. அகா-பியா பேசியவர்களையும் உள்ளடக்கிய கிரேட் அந்தமானியர் 1901 கணக்கெடுப்பில் 625 பேர். 1961-இல் 19 பேர். அகா-பியா பேசியவர்கள் முற்றிலும் மறைந்தார்கள். 2004 சுனாமியில் உயிர் தப்பிய போவா சீனியர் என்ற மூதாட்டி, இவர்களின் இன்னொரு மொழியான ‘போ’வைப் பேசிய கடைசி மனிதர். அந்த மொழியில் பதில் சொல்ல ஆளில்லாமல் பறவைகளோடு பேசிக்கொண்டிருந்தார் என்று மொழியியலாளர் அன்விதா அப்பி பதிவு செய்திருக்கிறார். 2010 ஜனவரியில் போவா இறந்தார். இனத்தில் எஞ்சியவர்களுக்கு ஸ்ட்ரெய்ட் தீவில் குடியிருப்பு இருக்கிறது. இன்று அவர்கள் வீட்டிலும் பேசுவது இந்தி.

அந்த மக்களோடு அப்பி பல ஆண்டுகள் உட்கார்ந்து கேட்டுத் தொகுத்த கிரேட் அந்தமானிய அகராதி 2012-இல் வெளிவந்தது. அதில் பொருள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் இருக்கிறது, தமிழில் இல்லை. நூற்றுக்குப் பதினைந்து பேராக இந்த மண்ணில் வாழும் நாம் அதைத் தமிழில் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை. தீவுப் பள்ளிகளின் தமிழாசிரியர்கள் நினைத்தால் முடியும். தலை, கண், நாக்கு, கை என்று உறுப்புகளின் பெயரிலிருந்து தொடங்கலாம். அந்த மொழியின் இலக்கணமும் அங்கேதான் தொடங்குகிறது.