துறைமுக நகரத்து நூதனசாலையிலே
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



கொழும்பு என்றதும் நம்மவர் பலருக்கு உத்தியோகமும் கடைத்தெருவுமே நினைவுக்கு வரும். சர்வகலாசாலை விடுமுறையிலே நாங்கள் நண்பர் நால்வர், அந்நகரின் பழம்பொருட்களைப் பார்ப்பதற்கென்றே ஒரு நாளை ஒதுக்கினோம். அன்று கண்டு மகிழ்ந்ததையும், பின் வெட்கியதையும் சொல்லவே இங்கு நிற்கிறோம்.

காலையிலே துறைமுகம். அதன் அலைதடுப்பு அணைக்கு 1875இல் அடிக்கல் நாட்டினார்கள். 1885இல் வேலை முடிந்தது. அதற்கு முன் நீராவிக் கப்பல்களுக்குக் காலியே பெருந்துறை. அணை எழுந்தபின் கப்பல்கள் கொழும்பை நாடின. அக்காலத்திலேயே, 1877இல், தேசாதிபதி வில்லியம் கிரகரியின் முயற்சியால் நூதனசாலையும் திறக்கப்பட்டது. அந்த வெண்மாளிகையைக் கட்டி முடித்தவர் வாப்பிச்சி மரிக்கார் என்னும் முஸ்லிம் பெருமகன்.

உள்ளே கண்டியரசரின் சிம்மாசனம் இருக்கிறது. 1693இல் ஒல்லாந்தர் அளித்தது. 1815இல் இராச்சியம் வீழ்ந்தபின் இங்கிலாந்துக்குப் போய், 1934இல் திரும்பி வந்தது. ஆயினும் எங்களை நெடுநேரம் நிறுத்தியது ஒரு கல். சீனக் கடற்றளபதி செங் ஹோ கொணர்ந்த, 1409ஆம் ஆண்டு எழுத்துப் பொறித்த கல் அது. சீனம், தமிழ், பாரசீகம் என மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தபிரானுக்கும், தமிழ்ப் பகுதி தேனாவரை நாயனாராகிய திருமாலுக்கும், பாரசீகப் பகுதி இஸ்லாமிய சமயத்துக்கும் காணிக்கை சொல்கின்றன. மூவர்க்கும் ஏறக்குறைய ஒத்த காணிக்கை! இத்தகைய கல், 1911இல் கண்டெடுக்கப்படும்வரை, காலியிலே ஒரு மதகின் மூடுகல்லாகக் கிடந்ததாம்.

அப்பால் பொலனறுவைச் சிவாலயத்து வெண்கலத் திருவுருவங்கள். மிஷன் பாடசாலையிலே படித்த எங்களுக்கு நடராஜ வடிவத்தைச் சிற்பமாகப் பார்க்கத் தெரிந்தது. ஆனால் பக்கத்திலே ஒரு கிழவி செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள். குறிப்பட்டையை வாசித்துக்கொண்டிருந்த நாங்கள் என்ன செய்வதென்று அறியாது விழித்தோம்.

மாலையிலே கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலுக்குப் போனோம். தந்தையார் நிறுவிய அக்கோயிலைக் கருங்கல்லாற் புதுப்பித்தவர் சேர் பொன். இராமநாதன். அவர் தம்பியார் சேர் பொன். அருணாசலமோ பொலனறுவைத் திருவுருவங்களை ஆராய்ந்து எழுதியவர். வணங்குதலும் ஆராய்தலும் ஒரே வீட்டிலே வளர்ந்திருக்கின்றன. கிழவியும் நாங்களும் பகைவரல்லர் என்று அப்போதுதான் தெளிந்தோம்.

அன்பர்களே, இனி வெட்கத்தைச் சொல்கிறோம். நூதனசாலை ஏடுகளைப் பேணிக் காக்கிறது. எங்களுள் ஒருவர் வீட்டிலோ, பாட்டனார் எழுதிவைத்த வைத்திய ஏடுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. வீடு திருத்தியபோது அவை அடுப்புக்குப் போயின. வாசிக்கத் தெரியாத நாங்கள் தடுக்கவில்லை. காலிக் கல்லை மதகிலிட்டவரை நாம் எந்த வாயாற் குறை சொல்வது?

ஆகவே பெரியோர்களை ஒன்று வேண்டுகிறோம். பரணிலுள்ள ஏடுகளை எறியுமுன் எங்களைக் கூப்பிடுங்கள். வாசிக்கவும் கற்றுத் தாருங்கள். இளைஞர்களே, அடுத்தமுறை கொழும்புக்குப் போகும்போது அரை நாளை நூதனசாலைக்குக் கொடுங்கள். திரும்பி வந்து உங்கள் வீட்டுப் பரணையும் ஒருமுறை பாருங்கள்.